கேமராவில் தொங்கிய கோட்டு

அந்தத் தொடரை ரோவீனா கெஸ்லர் இரண்டே முறைதான் பார்த்திருந்தாள். இரண்டு முறையும் பாதியில் ரிமோட்டைச் சோபாவில் விட்டெறிந்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நாடே திங்கட்கிழமைதோறும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்த தொடர் அது. லாஸ் வேகஸில் ஒரு கேசினோ. அதற்கு ஒரு பாதுகாப்புத் தலைவன். அவனுக்கென்று விண்வெளி நிலையம் மாதிரி ஒரு கண்காணிப்பு அறை. சுவர் முழுக்கத் திரைகள், கண்ணாடி மேசைமேல் சாய்ந்து நிற்கும் அழகிகள். தலைவன் உள்ளே வந்து, "பெரிசாக்கு" என்பான். ஆட்டக்காரனின் முகம் பெரிதாகும். "இன்னும்" என்பான். கண்ணின் கருமணி திரையை அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்குள்ளே அவன் கையிலிருக்கும் சீட்டு பளிச்சென்று தெரியும்.

"கருமணியில சீட்டாம்! நம்ம கேமராவுல ஒருத்தனோட மூக்கு எது, காது எதுன்னு தெரிஞ்சாலே அன்னிக்கு நல்ல நாள்," என்று மறுநாள் லூபேயிடம் பொருமித் தீர்த்தாள். லூபே அவளோடு அதே அறையில் எட்டு வருஷமாகத் திரை பார்ப்பவள்.

ரோவீனாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பதினெட்டு வருஷம் மேசையில் நின்று சீட்டுப் போட்டு, மணிக்கட்டு தேய்ந்து, மாடிக்கு வந்தவள். அதே லாஸ் வேகஸில் இருந்த காப்பர் ஹெரன் கேசினோவின் கண்காணிப்பு அறையில் பகல் வேளைக்கு அவள்தான் பொறுப்பு. தாழ்ந்த கூரை. இயந்திரங்களுக்காகப் போட்ட குளிரில் எல்லோருக்கும் ஸ்வெட்டர். யாரோ மைக்ரோவேவில் மீன் சுடவைத்த வாடை வாரக்கணக்கில் போகாது. ஆயிரத்து நூறு கேமராவுக்கு நான்கே பேர். அலமாரி அலமாரியாக வீடியோ ரெக்கார்டர்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அத்தனைக்கும் டேப் மாற்ற வேண்டும். இரண்டாயிரத்து ஐந்தில் அதுதான் நிலைமை. டேப்பில் விழுந்தது விழுந்ததுதான். அதை எந்தக் கொம்பனாலும் பெரிதாக்க முடியாது.

மார்ச் மாதம் ஒரு நாள் பொது மேலாளர் லெனர்ட் ப்ரூவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில் மெல்லிய கண்ணாடி போட்ட ஒருவன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

"ரோவீனா, இவர் ஏட்ரியன் வால்ஷ். அந்தத் தொடரை எழுதுறவர். மூணு மாசம் நம்ம இடத்துலதான் படப்பிடிப்பு. உன் அறையை ஒரு சுத்து காட்டிடு."

"முடியாது, மிஸ்டர் ப்ரூவர். பட்டியல்ல பேர் இல்லாதவங்களுக்கு நான் கதவு திறக்கறதில்ல. உங்க பேரே போன வருஷம்தான் அதுல ஏறுச்சு."

ப்ரூவரின் முகம் சிவந்தது. ஏட்ரியன் கையை உயர்த்திச் சமாதானம் செய்தான். "காட்ட வேண்டாம். வாயால சொன்னா போதும். நேத்து நடந்த பெரிய சம்பவம் என்ன?"

"பஃபேல ஒரு அம்மா வழுக்கி விழுந்தாங்க. தரையில ஐஸ் கெடந்துச்சான்னு நாலு மணி நேரம் டேப் பாத்தோம்."

"கெடந்துச்சா?"

"அவங்களே கிளாஸ்ல இருந்து எடுத்துப் போட்டாங்க."

ஏட்ரியன் சிரித்தான். "இது காமெடி. எனக்கு வேண்டியது பயம். ஏமாத்துறவன் மாட்டினா, பின்னறையில அவனை என்ன பண்ணுவீங்க?"

"உக்கார வெப்போம். தண்ணி குடுப்போம். போலீஸ் வர்ற வரைக்கும் எல்லாரும் சுவத்தைப் பாத்துட்டு இருப்போம்."

"அடிக்க மாட்டீங்களா?"

"அடிச்சா உள்ள போறது நாங்க."

"உண்மை ரொம்பச் சப்புன்னு இருக்கு, ரோவீனா."

"உப்பு காரம் வேணும்னா போட்டுக்கோங்க. ஆனா எங்க வேலைன்னு சொல்லிப் பரிமாறாதீங்க."

இருந்தாலும் அவன் விடவில்லை. நான்கு வாரத்துக் கதைத்தாள்களைத் திருத்தித் தரச்சொல்லி அனுப்பினான். ரோவீனா சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். பக்கத்துக்குப் பக்கம் 'பொய்' என்று எழுதினாள். ஓரிடத்தில், "இது பொய்கூட இல்லை, உளறல்" என்று எழுதி அடிக்கோடு போட்டாள். சூதாட்டத் தளத்தில் பேச்சுக்குரல் பதிவாகாது என்று ஆறு இடத்தில் எழுதினாள். கண்காணிப்பு ஆட்களும் பாதுகாப்பு ஆட்களும் ஒரே மேசையில் காப்பி குடிக்க மாட்டார்கள், ஏனென்றால் எங்கள் கேமரா அவர்களையும் பார்க்கிறது என்று விளக்கினாள். ஏட்ரியனிடமிருந்து நன்றி என்று ஒரு வரிகூட வரவில்லை. பதிலாக, மூன்று வாரம் கழித்து ஒளிபரப்பான கதையில் புதிதாக ஒரு பாத்திரம் வந்தது. கண்காணிப்பு அறை மூலையில் மீன் தின்றுகொண்டு, எதற்கெடுத்தாலும் "விதிப்படி முடியாது" என்று முனகும் ஒரு குண்டுப் பெண். பெயர் ரோ.

மறுநாள் ஊழியர் சாப்பாட்டு அறைக்குள் ரோவீனா நுழைந்தபோது யாரோ பின்னாலிருந்து, "விதிப்படி முடியாது!" என்று மூக்கால் பேசினார்கள். மேசை மேசையாகச் சிரிப்பு. அவள் தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். லூபே ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"வேணாம், லூபே. ஒண்ணும் சொல்லாத."

பிறகு ஏட்ரியன் கேட்டும் அவள் மறுத்த ஆலோசகர் வேலையை ராய்ஸ் டில்மன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ராய்ஸ்தான் காப்பர் ஹெரனின் பாதுகாப்புத் தலைவன். வந்து பதினான்கு மாதம்தான். அதற்கு முன் ஒரு வணிக வளாகத்தில் காவலர்களை மேய்த்துக்கொண்டிருந்தான். சாவிக்கொத்தைக் கழிப்பறையில் மறந்து வைத்ததற்காக ரோவீனா ஒருமுறை அவன்மேல் அறிக்கை எழுதியிருந்தாள். அன்றிலிருந்து இருவருக்கும் ஆகாது. இப்போது அவன் ஏட்ரியனோடு தோளில் கை போட்டுத் திரிந்தான். நீலச் சட்டையைக் கழற்றிவிட்டுக் கறுப்புக் கோட்டுக்கு மாறினான். தொடரில் ஒரு காட்சியில் கதவைத் திறந்துவிடும் ஆளாக மூன்று நொடி வந்தான். அதன் பிறகு தரையில் கால் பாவவில்லை.

"மேல யாரு? பதினாலாம் மேசையைப் பெரிசாக்கு," என்று ரேடியோவில் குரல் வரும்.

"பெரிசாக்க இது பலூன் இல்ல, ராய்ஸ். என்ன வேணும்னு சொல்லு."

"கேலி பண்ணு, பண்ணு. ஊர்ல எவனுக்கும் உன்னைத் தெரியாது. என்னைத் தெரியும்."

நடன அரங்கில் ஏட்ரியனின் ஆட்கள் மரப்பலகையில் கண்காணிப்பு அறை கட்டினார்கள். சுற்றுலா வந்தவர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று அதைப் படம் எடுத்தார்கள். அதுதான் நிஜ அறை என்று ராய்ஸ் சிலரிடம் சொன்னதாகவும் கேள்வி.

மே மாதம் ஒரு புதன்கிழமை, பகல் இரண்டே முக்கால் மணிக்குத் தளத்திலிருந்து போன் வந்தது. ஒன்பதாம் பிளாக்ஜாக் மேசை, சாம்பல் தொப்பி போட்ட ஆள், கொஞ்சம் பாருங்கள் என்றார்கள்.

ரோவீனா பார்த்தாள். நாற்பது வயதிருக்கும். தனியாக வந்திருந்தான். சோடாவைத் தவிர எதையும் தொடவில்லை. வந்துபோகும் சீட்டுகளை அவளும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே போனாள். பெரிய சீட்டுகள் மிச்சமிருந்தால் அவன் பந்தயம் ஏறியது, தீர்ந்துபோனால் இறங்கியது. நாற்பது நிமிடம் அவளும் அவனும் ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆள் கெட்டிக்காரன். ஒரு சீட்டும் தப்பவிடவில்லை.

ராய்ஸுக்குப் போன் போட்டாள். "சீட்டை எண்ணுறான். மூளையை வெச்சுத்தான் எண்ணுறான், கருவி எதுவும் இல்ல. நெவாடா சட்டத்துல அது குத்தம் கெடையாது. இனிமே இங்க வராதீங்கன்னு சொல்லி வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுடு. அவ்வளவுதான்."

"மரியாதையா அனுப்பி வெச்சுடறேன்," என்றான் ராய்ஸ். அவன் பக்கத்தில் யாரோ சிரித்தது கேட்டது.

திரையில் பார்த்துக்கொண்டே இருந்தாள். ராய்ஸும் இன்னொரு காவலாளியும் மேசைக்கு வந்தார்கள். பின்னால் ஏட்ரியன். சாம்பல் தொப்பிக்காரன் எழுந்தான். பந்தயச் சில்லுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வாசல் வலப்பக்கம். ராய்ஸ் அவன் முழங்கையைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினான்.

"எங்க கூட்டிட்டுப் போறான்?" என்றாள் லூபே.

ரோவீனா அதற்குள் பின்னறைக் கேமராவைத் திரைக்குக் கொண்டுவந்திருந்தாள். பிடித்து வைத்தவர்களை விசாரிக்கும் சின்ன அறை அது. மேசை ஒன்று, நாற்காலி நான்கு. தொடர்களில் எல்லா அக்கிரமமும் நடக்கிற இடம் அதுதான். வெளியே யாருக்கும் எதுவும் தெரியாத குகை மாதிரி காட்டுவார்கள். நிஜத்தில் அந்தக் கட்டடத்திலேயே படத்தோடு பேச்சும் பதிவாகிற ஒரே அறை அதுதான். அப்படித்தான் மாநில விதி. 'இங்கே பேசுவது பதிவாகிறது' என்று சுவரில் தாள் ஒட்டியிருக்கும். ராய்ஸுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் இரண்டு மாதமாகத் தொடருக்குள்ளேயே குடியிருந்தவனுக்கு அந்தத் தாள் கண்ணில் படவில்லை.

அறைக்குள் வந்ததும் காவலாளியை வெளியே அனுப்பினான். கறுப்புக் கோட்டைக் கழற்றி, நாற்காலிமேல் ஏறிக் கேமராவில் மாட்டினான். தொடரின் முதல் கதையில் கதாநாயகன் செய்தது அச்சு அசலாக அதுதான். திரை இருண்டது. கோட்டின் ஒரு பித்தளைப் பொத்தான் மட்டும் ஓரத்தில் மங்கலாகத் தெரிந்தது.

குரல்கள் நின்றுவிடவில்லை.

"பேரு?"

"எமெட் சோரன்சன். நான் ரீனோ ஊர்க்காரன், நில அளவையாளர். நான் ஒரு தப்பும் பண்ணல. என்னை விடுங்க."

"யாரு பணம் குடுத்து அனுப்பினது?"

"யாரும் அனுப்பல. எனக்கு எண்ணத் தெரியும். அவ்வளவுதான்."

ரோவீனா அந்த அறைக்குப் போன் போட்டாள். மணி அடிப்பது ஒலிபெருக்கியிலும் கேட்டது. ராய்ஸ் எடுத்தான்.

"ராய்ஸ், கோட்டை எடு. அந்த ஆளை வெளிய விடு."

"விதிப்படி முடியாது," என்று மூக்கால் பேசிவிட்டுப் போனை வைத்தான். ஏட்ரியன் சிரிப்பது கேட்டது.

"லூபே, நீ 911-ஐக் கூப்பிடு. நான் கேமிங் கன்ட்ரோலைக் கூப்பிடறேன்." கேசினோக்களைக் கட்டி ஆளும் மாநில ஆணையம் அது, அதன் அதிகாரிகளின் எண் சுவரில் எழுதியிருந்தது. எதிர்முனையில் ஒரு பெண், விடுதியின் பெயரைச் சொல்லுங்கள் என்றாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஏட்ரியனின் குரல் வந்தது. பதற்றமில்லாத, வேலை சொல்கிற குரல்.

"கையை மேசை மேல வெக்கச் சொல்லு, ராய்ஸ். இல்ல, விரலை விரிச்சு. அப்பத்தான் பாக்கறவனுக்குத் தெரியும்."

நாற்காலி இழுபடும் சத்தம். "ஐயோ, என்ன பண்ணறீங்க, விடுங்க" என்று எமெட்டின் குரல் உயர்ந்துகொண்டே போய், ஒரேயொரு அலறலாக முடிந்தது.

கண்காணிப்பு அறையின் பொறுப்பாளர் வேலை நேரத்தில் கீழே இறங்கக் கூடாது. முகத்தை யாருக்கும் காட்டக் கூடாது. பதினோரு வருஷத்தில் ரோவீனா ஒருமுறைகூட அதை மீறியதில்லை. ரிசீவரை லூபே கையில் திணித்துவிட்டு, ஸ்வெட்டரோடு இரண்டு மாடி இறங்கி ஓடினாள். பின்னறைக் கதவை இரண்டு கையாலும் மொத்தினாள்.

கதவைத் திறந்தவன் ஏட்ரியன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. "நான் நெனைக்கல... சும்மா பயமுறுத்தறான்னுதான்..." என்றான்.

"நகரு."

எமெட் சோரன்சன் தரையில் முழங்காலிட்டு வலது கையை வயிற்றோடு அணைத்திருந்தான். இரண்டு விரல்கள் போகக் கூடாத பக்கம் போயிருந்தன. ராய்ஸ் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றான். அவன் நெற்றி வியர்த்திருந்தது.

"உன்னை யாரு கீழ வரச் சொன்னா?"

"மேல இருந்து கேக்கச் சகிக்கல. அதான் வந்தேன்."

"கேக்கறதா?" ராய்ஸ் கேமராவைப் பார்த்தான். பிறகுதான் சுவரிலிருந்த தாளைப் பார்த்தான். "ரோவீனா, இங்க பாரு... இது நமக்குள்ள..."

"உனக்கும் எனக்கும் நடுவுல என்னடா இருக்கு? ஒரு மண்ணும் இல்ல."

எமெட்டைத் தாங்கிப் பிடித்து வெளியே நடைக்குக் கொண்டுவந்தாள். ஆட்கள் போய்வரும் இடம். மூன்று கேமரா பார்க்கிற இடம். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நீங்கள் யார் என்று அவன் கேட்டான். இங்கே வேலை பார்க்கிறேன் என்றாள். 

கேமிங் கன்ட்ரோல் அதிகாரிகள் வந்துசேர ஐம்பது நிமிடம் ஆயிற்று. அதற்குள் ப்ரூவர் மாடிக்கு வந்துவிட்டார். அன்றைக்குப் பார்த்துத் தொடரின் தயாரிப்பாளர்களோடு நடந்த விருந்திலிருந்து பாதியில் எழுந்து வந்திருந்தார். வாயோரம் ஏதோ குழம்பு ஒட்டியிருந்தது.

"அந்த டேப்பைக் குடு."

"உறையில போட்டு, சீல் வெச்சு, நேரம் எழுதி, பூட்டி வெச்சாச்சு. அதிகாரிங்க வந்தா குடுப்பேன்."

"அது கம்பெனி சொத்து, ரோவீனா."

"தெரியும். அதனாலதான் பத்திரமா வெச்சிருக்கேன்."

"படமே இல்லையாமே. வெறும் குரல்தானே? படப்பிடிப்பு ஒத்திகைன்னு சொன்னா முடிஞ்சு போச்சு. ஒப்பந்தம் போனா எத்தனை பேருக்கு வேலை போகும்னு நெனைச்சுப் பாத்தியா?"

"அந்த ஆளுக்கு ரெண்டு விரல் போயிருக்கு. அதை யாராவது நெனைச்சுப் பாத்தீங்களா?"

"நீ ரொம்ப ஆடற. உன் மூக்கை உடைச்சு டி.வி.யில காட்டினாங்கல்ல, அதுக்குத்தானே இந்தப் பழி?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. அப்படியும் இருக்குமோ என்று ஒரு நொடி தனக்குள்ளேயே தேடிப் பார்த்தாள்.  ஆனாலும் சாவியை எடுக்கவில்லை.

டேப் அதிகாரிகளிடம் போயிற்று. போலீஸார் ராய்ஸை அன்று மாலையே கைவிலங்கு போட்டு, முன்வாசல் வழியாகத்தான் கூட்டிப் போனார்கள். அப்போதும் அவனை யாரோ படம் எடுத்தார்கள். படப்பிடிப்பு என்று நினைத்துக் கைகூடத் தட்டினார்கள். பின்னால் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு எட்டு மாதம் உள்ளே இருந்தான். ஏட்ரியன் நல்ல வக்கீல் வைத்தான். காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்தேன், அதை அவன் நிஜமென்று எடுத்துக்கொண்டான் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான். தொடர் வேறொரு விடுதிக்கு இடம் மாறி இன்னும் இரண்டு வருஷம் ஓடியது.

ரோவீனாவை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. கிடங்கையும் குப்பைத்தொட்டிகளையும் பார்க்கும் கேமராக்களுக்கு மாற்றினார்கள். காவலாளிகள் அவளைக் கண்டால் லிஃப்ட் கதவை மூடினார்கள். ஒரு நாள் அவள் கார்க் கண்ணாடியில் 'காட்டிக்கொடுத்தவள்' என்று மார்க்கரில் எழுதியிருந்தது. யார் எழுதியது என்று டேப்பைப் பார்த்தால் தெரியும். அவள் பார்க்கவில்லை. ஆகஸ்டில் விலகிவிட்டாள்.

எமெட் போட்ட நஷ்டஈட்டு வழக்கு இரண்டு வருஷம் கழித்து விசாரணைக்கு வந்தது. காப்பர் ஹெரனின் வக்கீல் ஓர் இளம்பெண். பேச்சு ஊசி மாதிரி இருந்தது.

"அந்த அறையில என்ன நடந்துச்சுன்னு நீங்க கண்ணால பாக்கல. சரிதானே?"

"சரி."

"வேற கேமராவுக்கு மாத்திப் பாத்திருக்கலாமே?"

"அந்த அறையில இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். அது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்பாது."

"ஆயிரத்துக்கு மேல கேமரா, இந்த அறைக்கு ஒண்ணுதானா? நம்பற மாதிரியா இருக்கு?"

"நம்பறதும் நம்பாததும் உங்க இஷ்டம், மேடம். கேமராவை வாங்கினது நான் இல்ல. உங்க கட்சிக்காரர்தான்."

சாட்சியம் முடிந்ததும் ஜூரிகள் கேள்வி எழுதிக் கொடுக்கலாம் என்பது அந்த ஊர் வழக்கம். ஒரே ஒரு சீட்டு வந்தது. நீதிபதி அதை இரண்டு முறை படித்துவிட்டு, முகம் மாறாமல் வாசித்தார். "கோட்டின் பித்தளைப் பொத்தான் படத்தில் தெரிகிறதே, அதைப் பெரிதாக்கினால் அதில் அறை பிரதிபலிப்பது தெரியாதா?"

ரோவீனா ஜூரிகள் பக்கம் திரும்பினாள். பன்னிரண்டு முகமும் ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தன. கேட்டது ஒருவர்தான், ஆனால் எல்லோருக்கும் அதே நினைப்பு இருந்தது அப்பட்டமாகத் தெரிந்தது. இவர்களிடமா ஒரு மனிதனின் கை போன கதையை விட்டிருக்கிறார்கள் என்று அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

"தெரியாது," என்றாள். "பெரிசாக்கினா பெரிய பொத்தான் தெரியும். உங்க வீட்டு டி.வி.யில தெரியறதெல்லாம் யாரோ சம்பளம் வாங்கிட்டு வரைஞ்சது. அந்த ஆள் கத்தினதை யாரும் வரையல. அதை ஒருதடவை கண்ணை மூடிட்டுக் கேளுங்க."

வக்கீல் ஆட்சேபித்தாள். நீதிபதி கடைசி வரியை நீக்கச் சொன்னார். ஆனால் ஜூரி அறைக்குள் போனதும் அவர்கள் டேப்பைத் திரும்பக் கேட்டு வாங்கினார்கள். அடுத்த நாள் மதியம் எமெட் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

தீர்ப்பன்று நீதிமன்ற நடையில் அவன் தனியாக நின்றிருந்தான். ரோவீனா கிட்டே போனாள். வாழ்த்துச் சொல்லலாம் என்றுதான் போனாள். அவன் கையில் வளையாத இரண்டு விரல்களும் நீட்டிக்கொண்டு நின்றன.

"மிஸ்டர் சோரன்சன், நான்..."

"நீங்க யாருன்னு தெரியும். கதவைத் தட்டினவங்க." அவன் குரலில் சூடு இருந்தது. "முந்தாநாள் கூண்டுல ஏறி என்ன சொன்னீங்க? நாற்பது நிமிஷம் என்னைப் பாத்தேன்னு. என் கூடவே எண்ணினேன்னு. அப்புறம் போனை எடுத்து இவன் எண்ணுறான்னு சொன்னேன்னு."

"அது என் வேலை. வெளிய அனுப்புன்னுதான் சொன்னேன்."

"யாருகிட்ட சொன்னீங்க? அவன் எப்பேர்ப்பட்டவன்னு உங்களுக்குத் தெரியாதா? ரெண்டு மாசமா அவன் வேஷம் கட்டி ஆடறதைப் பாத்தவங்க நீங்க. நான் குத்தம் பண்ணலைன்னு உங்களுக்குத் தெரியும், அவன் மட்டமானவன்னும் தெரியும். தெரிஞ்சே கையைக் காட்டினீங்க."

போனில் ராய்ஸின் பக்கத்திலிருந்து வந்த சிரிப்பு ரோவீனாவுக்கு நினைவுக்கு வந்தது. அதைக் கேட்டுவிட்டும் அவள் ரிசீவரைச் சாதாரணமாக வைத்துவிட்டுத்தான் திரையைப் பார்த்தாள்.

"நன்றி சொல்வேன்னு எதிர்பாத்தீங்களா?"

"இல்ல," என்றாள். அது பொய். எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள்.

"நல்லது," என்று சொல்லிவிட்டு அவன் லிஃப்ட் பக்கம் நடந்தான்.

அதற்குள் அவள் பக்கத்து ஊரான ஹென்டர்சனில் உள்ளூர்க்காரர்கள் மட்டும் வந்துபோகும் ஒரு சின்னக் கேசினோவில் சேர்ந்திருந்தாள். அங்கேயும் அதே குளிர், அதே ஸ்வெட்டர். ஆறேழு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை பகல், தளத்திலிருந்து போன் வந்தது. மூன்றாம் மேசையில் தாடிக்காரன் ஒருத்தன், பாருங்கள் என்றார்கள். பார்த்தாள். எண்ணுகிறான், சுமாராகத்தான் எண்ணுகிறான்.

பாதுகாப்புத் தலைவனுக்குப் போன் போட்டாள். "எண்ணுறான். குத்தம் இல்ல. வாசலுக்கு அனுப்பு. கையைப் பிடிக்காத, ரெண்டடி தள்ளி நில்லு. அந்த ஆள் தன் கார்ல ஏறிக் கதவைச் சாத்துற வரைக்கும் நான் பாத்துட்டே இருப்பேன். ரெக்கார்டு ஓடுது. புரியுதா?"

"என்ன மேடம், என்னை நம்பலையா?"

"இல்ல."

தாடிக்காரன் வெளியே வந்தான். அவள் கேமராவுக்குக் கேமரா மாறி அவன் கூடவே போனாள். கண்ணாடிக் கதவு, படிக்கட்டு, கார் நிறுத்தம். வெள்ளை பிக்கப் வண்டியின் கதவைத் திறந்தவன் நின்றான். தலையைத் தூக்கி, விளக்குக் கம்பத்திலிருந்த கேமராவைத் தேடிக் கண்டுபிடித்தான். நடுவிரலை உயர்த்தி நன்றாக ஆட்டிக் காட்டினான். பிறகு வண்டியிலேறிப் போய்விட்டான்.

ரோவீனா நேரத்தைப் பார்த்து நோட்டில் எழுதினாள். பன்னிரண்டு பதினேழு, நலமாக வெளியேறினார்.